பச்சை ஒயர் – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவில் இரண்டு ஆண்டுகள் படித்தேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஒப்பந்த அடிப்படையில் பராமரிப்பு வேலையும், விடுமுறை நாட்களில் வீட்டு வயரிங்கும் செய்துவந்தேன். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கிய பிறகு, ஆர்டர் குறைந்துவிட்டது என்று எங்களைப் போன்ற ஒப்பந்தக்காரர்களைத்தான் முதலில் நிறுத்தினார்கள். வீட்டு வேலையும் இல்லை. ரூஃப் போட்டதோடு நின்றுபோன வீடுகள்தான் எங்கள் பக்கம் அதிகம். கிடைக்கும் ஒன்றிரண்டு வேலைக்கும் நான்கு பேர் போட்டி. வடநாட்டுப் பையன்கள் இன்னும் குறைத்துக் கேட்கிறார்கள். வேறு வழியில்லாமல் இரண்டு வீடுகளுக்குப் பாயிண்ட் ரேட்டை (ஒரு விளக்குக்கோ பிளக்குக்கோ இவ்வளவு என்று வாங்கும் கூலியை) குறைத்து, ஓனர் சொன்னபடி எர்த் ஒயர் (மின்கசிவைத் தரைக்குள் இறக்கும் பச்சை ஒயர்) இழுக்காமல் முடித்துக் கொடுத்தேன். இரண்டும் வாடகைக்கு விடப்போகும் வீடுகள்.

துபாய்க்குப் போகலாமா, சோலார் கற்றுக்கொள்ளலாமா, செல்போன் செயலிகளில் பதிவு செய்து வேலை எடுக்கலாமா என்று குழப்பமாக இருக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நான் உடனே பதில் எழுத உட்கார்ந்ததோ, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துபோன எர்த் ஒயர் பற்றிய அந்த ஒரு வரியால்தான். சில மாதங்களாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அது. எங்கள் தெருவில் பாதியில் நின்றிருந்த வீடு ஒன்றில் மறுபடியும் வேலை தொடங்கியிருக்கிறது. அதன் உரிமையாளர் மாலை நேரங்களில் வாசலில் நின்று, எதில் எவ்வளவு குறைக்கலாம் என்று மேஸ்திரியிடம் பேரம் பேசுவது எங்கள் மாடிவரை கேட்கிறது. தரைக்கு கிரானைட் என்பதில் அவருக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. சுவருக்குள் மறையப்போகிற எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அவருடைய குரல் உயர்ந்துவிடுகிறது.

முதலில் உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மந்தத்தில் எல்லாத் தொழிலும் அடிவாங்குகிறது என்றாலும், எலக்ட்ரீசியன் அடிவாங்கும் விதம் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ரூஃப் கான்கிரீட்டுக்கு முன்பு வந்து கம்பிக்கட்டுக்கு நடுவே பைப் போடுகிறீர்கள். சென்ட்ரிங் பிரித்த பிறகு சுவரில் காடி வெட்டிப் பைப்பும் பெட்டியும் பதிக்கிறீர்கள். பூச்சு முடிந்து ஒயர் இழுத்து, சுவிட்சும் விளக்கும் மாட்டும் கட்டத்தில்தான் காசு என்று சொல்லும்படி ஏதாவது கைக்கு வருகிறது. வீடு ரூஃபோடு நின்றுவிட்டால் கொத்தனார் செய்த வேலைக்குக் கூலி வாங்கிக்கொண்டு போயிருப்பார். உங்களுக்கோ பைப் போட்ட கூலிக்கு மேல் எதுவும் வந்திருக்காது, மிச்சமெல்லாம் அந்த வீட்டுக்காரரின் ஓவர்டைமையும் சீட்டுப் பணத்தையும் நம்பி நிற்கும். ஆம்பூரில் ஷிப்டு குறைந்தால் பேரணாம்பட்டில் காடி வெட்டும் சத்தம் நின்றுபோவது இந்த வழியாகத்தான். ஆடி மாதத்தில் வேலையில்லாமல் இருந்தால் ஆவணியை நம்பிக் கடன் வாங்கலாம். இந்த மந்தத்துக்கு அப்படி ஒரு மாதக்கணக்கு இல்லை. 2020 ஊரடங்கில் மருத்துவமனைக்கு வெளியூர் நோயாளிகள் வராமல் வேலூரின் லாட்ஜுகள் பூட்டிக் கிடந்தபோது, அந்த லாட்ஜுகளின் பராமரிப்பை நம்பியிருந்தவர்கள் தள்ளுவண்டியில் காய்கறி விற்றதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நீங்கள் ரேட்டைக் குறைத்ததற்காக உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

வடநாட்டுப் பையன்களைப் பற்றிய வரியை நான் பொருட்படுத்தப் போவதில்லை. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காக லாட்ஜ் கட்டி, அந்த லாட்ஜுகளின் வயரிங்கில் ஒரு தலைமுறை எலக்ட்ரீசியன்கள் சாப்பிட்ட ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு அந்தப் பேச்சு வேண்டாம். ரேட்டை முடிவு செய்வது அவர்களை அழைத்துவந்த காண்ட்ராக்டர். அவரோடு சண்டை போட முடியுமானால் போடுங்கள்.

எர்த் ஒயருக்கு வருகிறேன். உங்கள் உழைப்பை என்ன விலைக்குக் கொடுப்பது என்பது உங்கள் உரிமை. ஆனால் பச்சை ஒயரை விட்டபோது நீங்கள் குறைத்தது உங்களுடைய பங்கை அல்ல. பேரம் பேசிய உரிமையாளர் அந்த வீட்டில் குடியிருக்கப் போவதில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். யாரோ ஒரு பெண் முன்பணம் கொடுத்துக் குடிவந்து, பால் காய்ச்சி, ஈரக் கையோடு வாஷிங் மெஷினின் மூடியைத் திறக்கப்போகிறார். சுவருக்குள் மூன்றாவது ஒயர் வரவில்லை என்பதை அவர் எந்தக் காலத்திலும் பார்க்க முடியாது. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவருடைய உயிரிலிருந்து எடுத்து நீங்கள் ஓனருக்குத் தள்ளுபடி கொடுத்திருக்கிறீர்கள். ஓனர் சொன்னார் என்கிறீர்கள். ஓனர் ஆயிரம் சொல்வார். மின்சாரம் எந்த வழியாகப் பாயும் என்று படித்துவிட்டு அந்த வீட்டுக்குள் நின்றவர் நீங்கள் ஒருவர்தான்.

1990-களின் நடுவில் நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் வாடகை வீடு ஒன்றில் இருந்தோம். மழைக்காலம் வந்தால் ஃபிரிட்ஜ் கதவைத் தொடும் கை உதறும். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, செருப்புப் போட்டுக்கொண்டு தொடுங்கள், ஒன்றும் செய்யாது என்றார். சமையலறைக்குள் செருப்போடு நடக்க மனம் ஒப்பாத என் அம்மா, ஃபிரிட்ஜுக்கு முன்னால் மணைப்பலகை ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றுதான் பால் எடுப்பார். விருந்தாளிகளுக்கும் அந்தப் பலகையைக் காட்டிக் கொடுப்பார்.

கடைசியில் அப்பா கொசப்பேட்டையிலிருந்து ஓர் எலக்ட்ரீசியனை அழைத்துவந்தார். அவர் தோல் பதனிடும் டேனரிகளில் மோட்டார் வேலை பார்த்தவர். பாலாற்றுப் பகுதியின் தோல் கழிவு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்து, சுத்திகரிப்பு வசதியில்லாத டேனரிகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. தீர்ப்பு 1996 ஆகஸ்டில் வந்தது. பாலாற்றின் பக்கம் நின்று பார்த்தால் அந்த வழக்கு நியாயமானது என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை. ஆனால் அதன் விலையை முதலில் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு, ஃபேன் கெப்பாசிட்டர் மாற்றுவது, மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பார்ப்பது என்று கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்துகொண்டிருந்தார்.

அவர் டெஸ்ட் லேம்பை எடுத்து, பிளக் பாயிண்டில் மின்சாரம் வரும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. எர்த் நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்பா நிம்மதியானார். எலக்ட்ரீசியன் ஒன்றும் பேசாமல் ஸ்குருவைக் கழற்றி பாயிண்டை வெளியே இழுத்தார். எர்த் முனையில் பச்சை ஒயரே இல்லை; மின்சாரம் திரும்பிப்போகும் பக்கத்து நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கறுப்பு ஒயரை எடுத்து அதில் முறுக்கிவிட்டிருந்தார்கள். சோதித்தால் பல்பு எரியும், வீட்டுக்காரர் திருப்தியாகிவிடுவார். நியூட்ரலில் எங்கோ ஜாயிண்ட் தளர்ந்திருக்கிறது, அதனால்தான் இப்போது உதறுகிறது, அந்த ஜாயிண்ட் முழுதாக விட்டுப்போகும் நாளில் ஃபிரிட்ஜின் உடம்பு முழுவதும் மின்சாரம் நிற்கும் என்று அவர் அம்மாவிடம்தான் விளக்கினார். எர்த் குழி தோண்டுவதானால் வேலை செய்கிறேன், இல்லையென்றால் இந்த முறுக்கைப் பிரித்துவிட்டுப் போகிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்றார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், ர. அவருக்கும் அப்போது வேலை இல்லை.

வீட்டுக்காரர் பணம் தரவில்லை; அப்பாதான் கொடுத்தார். மலையடிவாரத்துக் கல்மண்ணில் கடப்பாரை இறங்க மறுத்தது. இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, அங்கிருந்து ஒயர் இழுத்துக் கொண்டுவந்தார். நம் ஊர் வெயிலில் மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது, கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைப் பார்த்து எங்கள் தெருவில் மேலும் சிலர் அவரைக் கூப்பிட்டுக் குழி தோண்டிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் தன் சொந்த வீட்டில் செருப்போடு காலம் தள்ளினார்.

இப்போது நீங்கள் மிச்சம் பிடித்ததைப் பாருங்கள். ஒயர்ச் சுருள் (காயில்) ஒன்று 90 மீட்டர். சின்ன வாடகை வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ காயில் பச்சை ஒயர் போதும். வீட்டு முகப்பில் ஒட்டும் அலங்கார டைல்ஸில் உடைந்து வீணாவதே அந்த விலைக்கு வரும் என்று நினைக்கிறேன். இதைப் படிக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மின்கசிவைக் கண்டதும் தானாக விழும் சுவிட்சான ஆர்சிசிபி போட்டிருக்கிறோமே, பிறகெதற்கு எர்த் என்று சிலர் கேட்கிறார்கள். 30 மில்லியம்பியர் கசிந்தால் அது லைனைத் துண்டித்துவிடும் என்பது உண்மை. எர்த் ஒயர் இருந்தால் அந்தக் கசிவு அதன் வழியாக ஓடி, யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்சிசிபி விழுந்துவிடும். எர்த் ஒயர் இல்லாவிட்டால், ஒரு மனித உடம்பு வந்து வழி கொடுக்கும்வரை அது காத்திருக்கும். முதலில் தொடும் அந்த உடம்பு யாருடையதாக இருக்க வேண்டும் என்று ஓனரிடம் கேட்டிருக்கலாமே!

உங்கள் கேள்விகள் மிச்சமிருக்கின்றன. துபாயைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். செயலிகளில் வருவது பெரும்பாலும் பழைய வீடுகளின் பழுது வேலைதான். கமிஷன் கொடுக்காமலேயே அதை நீங்கள் தேடிப்போகலாம். இரண்டு டியூப்லைட்டுக்கும் ஒரு ஃபேனுக்கும் என்று அலுமினிய ஒயர் போட்ட வீடுகள் குடியாத்தத்திலும் வேலூரிலும் இன்னும் இருக்கின்றன. அதே ஒயரில் இன்று இன்டக்‌ஷன் அடுப்பும் கீசரும் ஓடுகின்றன. புது வீட்டுக்குப் பாயிண்ட் கணக்கில் ரேட் பேசிப் பழகியவர்களுக்கு இது சில்லறையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சோலார் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக் கூரையில் சோலார் போடுவதற்காக 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, ஆகவே அந்தப் பக்கம் வேலை இருக்கும். ஆனால் அங்கே பேனல் இருக்கும் டிசி பக்கத்துக்கு ஒன்று, வீட்டு லைன் இருக்கும் ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று மூன்று எர்த் குழி கேட்பார்கள். ஓனர் சொன்னார் என்று அதில் ஒன்றை விட்டுவிட மாட்டீர்களே?

அந்த இரண்டு வீடுகளுக்கும் ஆள் குடிவருவதற்கு முன்னால் போய்விடுங்கள். பூச்சு முடிந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். சுவருக்குள் நீங்கள் போட்ட பைப் இருக்கிறது, உள்ளே இருக்கும் ஒயரோடு கட்டிப் பச்சை ஒயரையும் சேர்த்து இழுத்துவிடலாம். பைப்பில் இடமில்லையென்றால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர், கிரைண்டர் பாயிண்டுகளுக்காவது சுவரின்மேல் கேசிங் (ஒயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) அடித்துக் கொண்டுபோங்கள். அழகாக இருக்காது, பரவாயில்லை. ஓனர் இழுத்தடித்தால், அதுவரைக்கும் மெயின் போர்டில் 30 மில்லியம்பியர் ஆர்சிசிபி ஒன்றை மாட்டிவிட்டு வாருங்கள்.