கேபிளை முறுக்கிக்கொண்டே போனால் ஹேண்ட் பிரேக் பிடித்துவிடுமா?

வத்தல்மலை அடிவாரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, என் பிக்கப் வாங்கி ஆறு வருஷம் ஆகுது. மலைக்கு மளிகையும் சிமெண்டும் ஏத்திட்டுப் போறேன். காலி வண்டியில ஹேண்ட் பிரேக் பிடிக்குது. லோடு இருந்தா லீவரை உச்சி வரைக்கும் இழுத்தாலும் பின்னாடி நழுவுது. மெக்கானிக் ரெண்டு தடவை கேபிளை டைட் பண்ணினார். ஒரு வாரம் நல்லா இருந்துச்சு, அப்புறம் பழைய கதைதான். இப்ப புதுசா இடது பின் சக்கரம் சூடாகுது. கேபிளையே மாத்திடட்டுமா?"

இப்போதைக்கு வேண்டாம். பின்பக்க டிரம் (சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புக் கிண்ணம்) இரண்டையும் கழற்றிப் பார்க்கும் வரைக்கும் கேபிளில் காசு போடாதீர்கள். போகிற போக்கில் சொன்னீர்களே, இடது சக்கரம் சூடாகிறது என்று, அதில்தான் பாதி விடை இருக்கிறது.

உங்கள் பிக்கப் மாதிரியான வண்டிகளில் ஹேண்ட் பிரேக்குக்கென்று தனி பிரேக் கிடையாது. கால் பிரேக் மிதித்தால் விரிகிற அதே பின் சக்கர ஷூக்களைத்தான், அதாவது டிரம்முக்குள் இருக்கும் வளைந்த பிரேக் கட்டைகளைத்தான், ஹேண்ட் பிரேக்கும் விரிக்கிறது. காலால் மிதித்தால் ஆயில் அழுத்தம் தள்ளும். கையால் இழுத்தால் கேபிள் தள்ளும். லீவரிலிருந்து வரும் இழுப்பு வண்டிக்கு அடியில் இரண்டாகப் பிரிந்து இரு சக்கரத்துக்கும் போகிறது. டிரம்முக்குள் ஷூவோடு சேர்ந்த சின்ன லீவர் ஒன்று உண்டு. கேபிள் அதை இழுத்ததும், நடுவில் இருக்கும் பட்டை எதிர் ஷூவைத் தள்ளும். இரண்டு ஷூவும் விரிந்து டிரம்மைக் கவ்வும்.

ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடும். அதை ஈடுகட்டத்தான் உள்ளே அட்ஜஸ்டர் வைத்திருக்கிறார்கள், பல்சக்கரம் வைத்த சின்ன ஸ்க்ரூ. மண் சாலையில் ஓடுகிற வண்டியில் புழுதியும் துருவும் சேர்ந்து அது இறுகிப்போகும். அப்புறம் இடைவெளி குறையவே குறையாது, லீவர் மட்டும் மேலே மேலே வரும். அந்த நேரத்தில் நட்டைத் திருகிக் கேபிளைக் குறுக்கினால், லீவரைக் கீழே விட்டிருக்கும்போதே உள்ளிருக்கும் சின்ன லீவர் பாதி இழுபட்டு நிற்கும். அப்படி நின்றால் பல வண்டிகளில் அட்ஜஸ்டர் வேலை செய்யாது. ஒரு வாரத்தில் பழைய கதை திரும்பியதற்கு இதுதான் காரணமாக இருக்கும். இடைவெளி குறைவாக இருந்த பக்கத்து ஷூ, கேபிளை முறுக்கியதால் டிரம்மை எந்நேரமும் உரசிக்கொண்டே போகும். அதனால், காய்வது இடது என்றாலும் எனக்குச் சந்தேகம் வலது பக்கத்தின் மேல்தான், இறுகிப்போன அட்ஜஸ்டர் அங்கேதான் இருக்கும்.

சோதனை எளிது. லோடை இறக்கிவிட்டு, சமதளத்தில், முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு மேல் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. கியர் நியூட்ரல். லீவர் கீழே இருக்கும்போது இரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு டிக்காக லீவரை இழுத்து, எந்தச் சக்கரம் எத்தனையாவது டிக்கில் நிற்கிறது என்று எண்ணுங்கள். பொதுவாக 5 முதல் 7 டிக்குக்குள் இரண்டும் இறுக வேண்டும். உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இடது மூன்றில் நின்று, வலது பத்திலும் சுற்றினால் என் சந்தேகம் சரி.

அடுத்து, கேபிள் நட்டை முழுக்கத் தளர்த்திவிட்டு இடது சக்கரத்தை மறுபடி சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் முறுக்கியதுதான் தப்பு. அப்போதும் இறுக்கமாக இருந்தால் கேபிள் தன் உறைக்குள் துருப்பிடித்து மாட்டியிருக்கும், இல்லை ஷூவைத் திரும்ப உள்ளே இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்திருக்கும், இல்லை ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இறுகியிருக்கும்.

இனி டிரம்மைக் கழற்றுங்கள். வரவில்லை என்றால் சுத்தியலால் விளிம்பில் அடிக்க வேண்டாம், விரிசல் விழும். பல டிரம்களில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். பொருத்தமான போல்ட்டை இரண்டிலும் மாற்றி மாற்றி முடுக்கினால் தானே வெளியே தள்ளும். உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அது நேரே நுரையீரலுக்குள் போகும். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள்.

உள்ளே ஈரம் தெரிந்தால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை மூக்கில் ஏறினால் கியர் ஆயில், அது ஆக்ஸிலிலிருந்து வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல் போய்விட்டது. அந்த வாடை இல்லாமல் தண்ணீர்போல மெல்லிசாக இருந்தால் பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் கசிகிறது. கால் பிரேக்கும் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம், அதைச் சரிசெய்யாமல் வண்டியை நகர்த்தவே கூடாது. காலி வண்டியில் பிடித்து லோடில் நழுவுவதற்கு எண்ணெய் குடித்த லைனிங்கும் பெரிய காரணம். அதைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாளில் தேய்த்து, சிலர் தீயில் காட்டிக்கூட மாட்டிவிடுகிறார்கள். நானும் தொழில் பழகிய காலத்தில் செய்திருக்கிறேன். இரண்டு நாள் பிடிக்கும். டிரம் சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். ஷூவை மாற்றுங்கள், இரு பக்கமும் சேர்த்தே.

ஆயில் சீல் மாற்றுகிறவர்கள் மறக்கிற ஒன்று உண்டு. பின் ஆக்ஸில் மேலே சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு மூச்சுக்குழாய் மூடி இருக்கும். மலையேறும்போது ஆக்ஸில் சூடாகி உள்ளே காற்று விரியும். அந்த மூடி சேற்றில் அடைத்திருந்தால் காற்றுக்குப் போக வழியில்லை. ஆயிலைச் சீல் வழியாக வெளியே தள்ளிவிடும். மூடியைச் சுத்தம் பண்ணாமல் எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும்.

எல்லாம் உலர்ந்திருந்தால் நல்லது. லைனிங் கனத்தைப் பாருங்கள். 2 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் இனி ஓட்ட வேண்டாம். டிரம் எத்தனை விட்டம் வரை தேயலாம் என்பது பெரும்பாலும் அதிலேயே வார்க்கப்பட்டிருக்கும். அட்ஜஸ்டரைக் கழற்றி, மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸ் துளி வைத்து, விரலால் சுற்றும்படி செய்யுங்கள். இடது அட்ஜஸ்டரும் வலது அட்ஜஸ்டரும் மாறிவிடக் கூடாது, மரை எதிரெதிர் திசை. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரித்தால் குழப்பமே வராது.

மாட்டும்போது வரிசை முக்கியம். கேபிள் தளர்ந்தே இருக்கட்டும். முதலில் அட்ஜஸ்டரைத் திருகி, டிரம் உள்ளே போகும்போது லேசான உரசல் கேட்கும் அளவுக்கு ஷூவை விரியுங்கள். பெடலைப் பத்துப் பதினைந்து தடவை மிதித்து ஷூவை நடுவில் உட்கார வையுங்கள். கடைசியாகத்தான் கேபிள் நட்டு. லீவர் கீழே இருக்கும்போது இரு சக்கரமும் தடையில்லாமல் சுற்ற வேண்டும், சொன்ன டிக்கில் இரண்டும் இறுக வேண்டும். மலையிலிருந்து இறங்கின சூட்டோடு இதைச் செய்யாதீர்கள். சூட்டில் டிரம் விரிந்திருக்கும். அப்போது அட்ஜஸ்ட் பண்ணினால் ஆறியதும் சக்கரம் பிடித்துக்கொள்ளும்.

கேபிள் மாற்ற வேண்டியது எப்போது? இரு முனையையும் கழற்றிய கேபிள், கையால் இழுத்தால் உறைக்குள் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சிக்கிச் சிக்கி வந்தாலோ, இழை அறுந்திருந்தாலோ, கல் அடித்து உறை நசுங்கியிருந்தாலோ மாற்றுங்கள். எண்ணெய் விட்டுச் சமாளிப்பது மழைக்காலம் வரைதான்.

ஐ.நா.வின் 13ஆம் எண் பிரேக் விதி, முழு லோடோடு 18 சதவீதச் சரிவில் பார்க்கிங் பிரேக் வண்டியை நிறுத்த வேண்டும் என்கிறது. அதாவது 100 அடி போனால் 18 அடி ஏறுகிற சரிவு. அனுமதித்த எடைக்கு மேல் சிமெண்ட் அடுக்கினால் அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

வேலை முடியும் வரை மலையில் நிறுத்தும்போது கால் பிரேக்கில் நின்று, லீவரை இழுத்து, காலை மெல்ல விட்டு வண்டியை அதன் மேல் உட்கார வையுங்கள். பிறகு ஏற்றம் பார்த்தால் முதல் கியர், இறக்கம் பார்த்தால் ரிவர்ஸ், இன்ஜின் ஆஃப். சக்கரத்துக்குக் கல் வைக்கிற பையன் பக்கவாட்டில் நின்றுதான் வைக்க வேண்டும், வண்டிக்குப் பின்னால் போய் அல்ல. உருண்டைக் கல் வேண்டாம். புளியமரத்தில் ஆப்பு மாதிரி ஒரு ஜோடி கட்டை அறுத்து வண்டியிலேயே போட்டு வையுங்கள்.