வாசலில் யார் வந்தாலும் குரைக்கும் ஸ்பிட்ஸ்

கேள்வி: முதல் மாடி ஃப்ளாட்டில் இருக்கிறோம். எங்கள் ஸ்பிட்ஸ் நாய்க்கு 3 வயது. பால்கனிக்குக் கீழே யார் நடந்தாலும், காலிங் பெல் அடித்தாலும் பத்து நிமிடம் விடாமல் குரைக்கிறது. அதட்டினால் இன்னும் கூடுகிறது. கீழ் வீட்டுக்காரர்கள் இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். வாயைக் கட்டிவிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: தயவுசெய்து கட்டாதீர்கள். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் நாய் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மதுரை வெயிலில், அவ்வளவு ரோமத்தோடு, வாய் கட்டிய ஸ்பிட்ஸின் உயிருக்கே ஆபத்து. குரைத்தால் மின் அதிர்ச்சி தரும் ஷாக் காலர் எனும் கழுத்துப்பட்டையும் வேண்டாம். எதிரே நின்ற ஆளால்தான் வலித்தது என்று நினைத்து, அடுத்த முறை கடிக்கப் பாயலாம்.

உங்கள் நாயின் கணக்கு இதுதான்: கொரியர்காரர் வந்தார், குரைத்தேன், போய்விட்டார். பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது அதற்கு எப்படித் தெரியும்? தெருவில் இருபது பேர் கடந்தால் அதற்கு இருபது வெற்றி. உள்ளேயிருந்து நீங்கள் கத்தும்போது, நீங்களும் துணைக்குக் குரைப்பதாகத்தான் அதற்குப் படும்.

முதலில் இந்த வெற்றிகளை நிறுத்துங்கள். பால்கனி கிரில்லில் கீழிருந்து 3 அடி உயரத்துக்கு ஷேட் நெட்டை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். பின்னங்காலில் எழுந்து நின்றாலும் தெரு தெரியக்கூடாது. தெருவில் நடமாட்டம் கூடும் நேரத்தில் நாயின் படுக்கையைப் பின்னறைக்கு மாற்றுங்கள்.

பெல்லுக்குத் தனிப் பயிற்சி தேவை. பெல் சத்தத்தை மொபைலில் பதிவு செய்யுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவில் நறுக்கி ஒரு டப்பாவில் வையுங்கள். மிகக் குறைந்த வால்யூமில் பெல்லை ஒலிக்கவிட்டு, ஒரு நொடி கழித்து ஒரு துண்டு கொடுங்கள். வரிசை மாறக்கூடாது: கை முதலில் டப்பாவுக்குள் போனால் நாய் கையைத்தான் கவனிக்கும், பெல்லை அல்ல. காலையில் 10 முறை, மாலையில் 10 முறை. பெல் கேட்டதும் வாசலை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகே வால்யூமை ஒரு படி ஏற்றுங்கள். குரைத்துவிட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். ஒரு படி இறங்குங்கள். பலர் தோற்பது இங்கேதான். இரண்டே நாளில் முழு வால்யூமுக்குப் போய்விட்டு, "பயிற்சி பலிக்கவில்லை" என்பார்கள். சில வாரங்கள் பிடிக்கும்.

நிஜமாகவே ஆள் வரும்போது நாயின் முகத்தைப் பாருங்கள். முதல் குரைப்புக்கு முன் காது விறைத்து நிமிரும், திறந்திருந்த வாய் மூடும், உடம்பு அசையாமல் நிற்கும். அந்த அரை நொடியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். குரைக்கத் தொடங்கிவிட்டதா? பேசாமல் அருகில் போய்க் கோழித்துண்டை மூக்கருகே காட்டுங்கள். முகர்வதற்காக நிறுத்தும். 2 நொடி அமைதியாக இருந்ததும் கொடுங்கள். அடுத்தடுத்த நாட்களில் 4, 8, 15 நொடி என்று நீட்டுங்கள். நீட்டாவிட்டால் 'குரை, நிறுத்து, தின்னு' என்றுதான் கற்றுக்கொள்ளும்.

வெயிலுக்கு முன் அரை மணி நேர நடை அவசியம். அவசரப்படுத்தாமல் மோந்து பார்க்க விடுங்கள். பகலில் பழைய டவலில் அதன் உணவைத் தூவிச் சுருட்டிக் கொடுத்தால், பிரித்துத் தின்பதிலேயே கொஞ்ச நேரம் போய்விடும்.

ஒன்றைச் சரிபாருங்கள். நீங்கள் வெளியே போகும்போது மொபைலில் வீடியோ ஓடவிடுங்கள். தனியாக இருக்கையில் ஊளையிட்டு, எச்சில் ஒழுகக் கதவைப் பிறாண்டினால் அது பிரிவு பயம். மேலே சொன்னவை போதாது. அப்போதும், குரைப்பு திடீரென்று கூடியிருந்தாலும், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுவலிகூடக் காரணமாக இருக்கலாம்.

கீழ் வீட்டாரிடம் பயிற்சி நேரத்தைச் சொல்லிவையுங்கள். பதிவு செய்த பெல்லுக்கு நாய் அமைதியானதும், நிஜ பெல்லை அழுத்த வெளியாள் ஒருவர் வேண்டும். அவர்களையே கேளுங்கள்.