நிலப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டாம், ஐயா

ஐயா, சென்ற வாரம் மகளுடன் வந்து, அவளை அடுத்து என்ன படிக்க வைப்பது, வேலைக்கு என்ன வழி என்று நீங்கள் சொன்ன கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நிலப் பத்திரத்தை அடகு வைத்து, பெங்களூரில் 2 லட்ச ரூபாய் கட்டி, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியில் சேர்க்கச் சொல்லும் உங்கள் மைத்துனரின் யோசனையை நான் ஏற்கவே மாட்டேன். எம்.சி.ஏ., வங்கித் தேர்வு பற்றி ஊரே சொல்லியிருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

உங்கள் மகள் மடிக்கணினியில் காட்டியதைக் கவனித்தீர்களா? உங்கள் மாங்காய் மண்டிக் கணக்கை, தரவைக் கையாளும் கணினி மொழியான எஸ்கியூஎல்லில் டேபிள்களாக (அட்டவணைகளாக) அமைத்திருக்கிறாள். ஒரு விவசாயியின் தோத்தாபுரி பல கூழ் ஆலைகளுக்குப் போகிறது, ஓர் ஆலை பல விவசாயிகளிடம் வாங்குகிறது. இரு பக்கத்தையும் இணைக்க நடுவில் ‘லோடு’ என்றொரு டேபிள். ஒரு விவசாயி மட்டும் ஒரே கைப்பேசி எண்ணோடு, ‘காவேரிப்பட்டணம்’ என்றும் ‘காவேரிப்பட்டினம்’ என்றும் இருமுறை பதிவாகியிருந்தார். அந்த எண்ணை வைத்து விவசாயி டேபிளையும் லோடு டேபிளையும் ஜாயின் செய்ததும், அதாவது இணைத்ததும், அவருடைய 3 லோடு 6 ஆகி, 6 டன் 12 டன்னாகத் தெரிந்தது. ஆலையின் பதிவும் இரட்டித்திருந்தால் 12 வரிசைகள் வந்திருக்கும்.

பலரும் இங்கே, ஒரே மாதிரியானவற்றில் ஒன்றை மட்டும் காட்டும் டிஸ்டிங்க்ட் என்ற சொல்லைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஊர்ப்பெயர் வேறுபடுவதால் இரட்டை வரிசைகள் அப்படியே நிற்கும். எடையைக் கூட்டும் இடத்தில் அதைப் போட்டாலோ, 2 டன் வீதம் வந்த 3 லோடும் ஒன்றாகச் சுருங்கி, அந்த விவசாயிக்கு 4 டன்னுக்கான பணம் கிடைக்காமல் போய்விடும். உங்கள் மகள், ஒரே எண் உள்ளவற்றைத் தொகுத்து எண்ணிப் பார்க்கும் குரூப் பை, ஹேவிங் கவுன்ட் கொண்டு இருமுறை பதிவான எண்ணைக் கண்டுபிடித்தாள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினாள். இனி அப்படிப் பதியவே முடியாதபடி அந்த எண்ணுக்கு யுனிக் கட்டுப்பாடும் போட்டாள். எந்தெந்த விவசாயி சரக்கு அனுப்பினார் என்று மட்டும் கேட்க, பதிவு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸிஸ்ட்ஸ் போதும், ஜாயின் தேவையில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஓசூர்த் தொழிற்சாலையில் உதிரிபாகமும் சப்ளையரும், மருத்துவமனையில் நோயாளியும் மருத்துவரும் இப்படி ஒவ்வொன்றும் மறுபக்கத்தில் பலவற்றோடு இணையும் இதே முடிச்சில்தான் இருக்கிறார்கள். டேட்டா அனலிஸ்ட், டேட்டாபேஸ் நிர்வாகி போன்ற வேலைகளில் அன்றாடம் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இது. 1970-இல் எட்கர் காட் என்ற கணினி அறிஞர் முன்வைத்த, தரவை டேபிள்களாக அமைக்கும் மாதிரியில்தான் இந்தத் துறை இன்றும் நிற்கிறது; ஆறு மாதத்தில் பழசாகிற படிப்பு அல்ல. போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். வரிசைகளுக்கு எண் கொடுக்கும் ரோ நம்பர், தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் ஆகியவற்றை வீட்டிலிருந்தே பழகலாம். அதற்குக் கடன் எதற்கு?

மைத்துனரின் பயிற்சியைப் பற்றி நீங்கள் பேசியபோது தலைகுனிந்திருந்த பெண், இந்த லோடு கணக்கைச் சொல்லும்போது அரை மணி நேரம் நிறுத்தவேயில்லை. சென்ற பருவத்து மண்டிப் பேரேடு முழுவதையும் அவளிடம் கொடுங்கள். வேலை கேட்டுப் போகும்போது காட்ட அதுவே அவளுடைய முதல் புராஜெக்ட். மைத்துனரிடம் நானே பேசுகிறேன்.