அம்மம்மா சொன்னது கட்டுக்கதை இல்லை

தங்கச்சி, 1964 மார்கழிப் புயலில் வட இலங்கையின் நெடுங்கேணியில் காற்று நடுவில் நின்று, பிறகு எதிர்ப்பக்கமிருந்து அடித்ததாக அம்மம்மா சொல்வதை வீட்டில் யாரும் நம்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே எழுதி வையுங்கள். அவர் சொல்வது புயலின் கண், அதாவது புயலின் நடுவே காற்று அடங்கிக் கிடக்கும் பகுதி. அந்த அமைதியை நம்பி வெளியே வந்து, திரும்ப அடித்த காற்றில் செத்தவர்கள் எத்தனையோ பேர்.

அந்தப் புயல் டிசம்பர் 22 அன்று வவுனியாப் பக்கமாகக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்பவை. கிழக்கிலிருந்து மேற்கே போகும் புயலின் கண் ஊருக்கு மேலால் போனால் முதலில் வாடை (வடக்குக் காற்று) அடிக்கும், பிறகு அமைதி, பிறகு சோளகம் (தெற்குக் காற்று). கண் ஊருக்குத் தெற்கால் போயிருந்தால் நடுவில் அமைதி இராது. வாடை கொண்டலாகி (கிழக்குக் காற்று), சோளகமாகத் திரும்பும். வடக்கால் போயிருந்தால் கொண்டலுக்குப் பதில் கச்சான் (மேற்குக் காற்று).

மரம் காற்று போகும் பக்கம்தான் சாயும். ஆகவே அம்மம்மாவிடம் கேளுங்கள்: முதலில் விழுந்த பனைகள் எந்தப் பக்கம் சாய்ந்தன? அமைதிக்குப் பிறகு விழுந்தவை? கூரை எந்த வளவில் போய் விழுந்தது? அப்புறம் ஒட்டுசுட்டான், மாங்குளம், செட்டிகுளம் என்று அயலூர்க் கிழவர்களிடமும் இதையே கேட்டு வரைபடத்தில் குறித்தால் கண் போன வழி தெரியத் தொடங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவில் புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன் செய்ததும் இதுதான். மாலுமிகளின் நாட்குறிப்புகளில் இருந்த காற்றுத் திசைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். 'சைக்கிளோன்' என்ற பெயரே அவர் வைத்தது. அம்மம்மாவின் ஞாபகமும் அதே வகைச் சாட்சி. அவருக்குக் களைப்பில்லாத ஒரு காலைப்பொழுதில், கைபேசியில் குரலைப் பதிந்துகொண்டே கேளுங்கள்.