நுரையீரல் மாற்று செய்தவர்களுக்கு மட்டும் ஆயுள் ஏன் குறைவாகச் சொல்கிறார்கள்?

நுரையீரல் மாற்று என்றால், இறந்த ஒருவரின் நல்ல நுரையீரலில் ஒன்றையோ இரண்டையுமோ, சொந்த நுரையீரல் கெட்டுப்போனவருக்குப் பொருத்துவது. உலக அளவிலான பதிவுகளின்படி மாற்று செய்துகொண்ட பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 6, 7 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். சிறுநீரக மாற்றில் இந்த ஆண்டுக் கணக்கு இன்னும் அதிகம்.

காரணம் டாக்டரின் கைத்திறன் இல்லை. சிறுநீரகம் வயிற்றுக்குள் மூடி இருக்கிறது, நுரையீரலோ எப்போதும் ஜன்னல் திறந்தே கிடக்கும் வீடு மாதிரி, ஒவ்வொரு மூச்சிலும் தூசியும் கிருமியும் நேராக உள்ளே வரும், போதாததற்கு வெட்டி ஒட்டும்போது நரம்புகள் அறுபடுவதால் சளி சேர்ந்தாலும் இருமல் சரியாக வராது. உடம்போ புது உறுப்பை அந்நியனாகத்தான் பார்க்கிறது. அதை அடக்க எதிர்ப்பு சக்தியை மருந்தால் குறைத்தால் தொற்று வருகிறது, மருந்து குறைந்தால் நிராகரிப்பு, அதாவது உடம்பே புது உறுப்பைத் தாக்குவது, வருகிறது. முதல் வருடம் தொற்றுதான் பெரிய எதிரி. அப்புறம் சிறு மூச்சுக்குழாய்கள் மெல்ல மெல்ல தழும்பேறி அடைபடும் நாள்பட்ட நிராகரிப்பு, இதை முழுசாகத் திருப்பும் மருந்து இன்னும் இல்லை. அதனால்தான் பல மையங்களில் நோயாளியை வீட்டிலேயே சின்னக் கருவியில் ஊதி மூச்சின் அளவைக் குறித்துவைக்கச் சொல்கிறார்கள், மூச்சுத் திணறல் தெரியும் முன்பே எண் இறங்கிவிடும். என் பார்வையில் ஆபரேஷன் அளவுக்கு முக்கியமானது இந்தப் பழக்கம்.

கடைசியாக, “சில வருடம் நன்றாக ஓடினால் உடம்பு பழகிவிடும், மாத்திரையை நிறுத்தலாம்” என்பது தவறு: எதிர்ப்பு சக்தியை அடக்கும் அந்த மாத்திரை வாழ்நாள் முழுக்க.