தொலைதூர ஊர்களில் இருக்கும் சின்ன கோல்ஃப் கிளப்புகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

நூறு உறுப்பினர்கூடத் தேறாத கிளப்புக்கு வருமானம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிதாக வருவதில்லை. தாக்குப்பிடிக்கிற கிளப்புகள் செலவைத்தான் இறுக்கிப் பிடிக்கின்றன. குறிப்பாக, வெட்டவும் தண்ணீர் விடவும் வேண்டிய புல்லின் பரப்பைக் குறைத்துவிடுகின்றன. கோல்ஃப் மைதானத்தின் கணக்கு அந்தப் பரப்பில்தான் இருக்கிறது.

18 குழிக்குப் பதில் 9 போதும். ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்கும் ‘டீ’யை இரண்டு இடத்தில் அமைத்துவிட்டால், இரண்டாவது சுற்றில் தூரமும் கோணமும் மாறும், 18 ஆடிய கணக்காகிவிடும். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வைத்திருக்கும் ‘கிரீன்’கள் பாதியாகக் குறையும். ஆட்டத்துக்குத் தடையாக வெட்டி வைத்திருக்கும் மணல் பள்ளங்களான ‘பங்கர்’களில் பாதியை மூடிவிடலாம்: ஓரம் சரியும், களை முளைக்கும், ஒவ்வொரு மழைக்கும் யாராவது மண்வெட்டியோடு நிற்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். ஒரு கிரீன் 450 சதுர மீட்டர் என்றால் ஒன்பதும் சேர்ந்து 4,050. வெயில் நாளில் 5 மில்லிமீட்டர் விட்டால் சுமார் 20,000 லிட்டர். ஒரு சுமாரான ஆழ்துளைக் கிணறும் தொட்டியும் அதைச் சமாளித்துவிடும். டீக்கும் கிரீனுக்கும் நடுவில் இருக்கும் ஃபேர்வே 10 ஹெக்டேர் என்று வைத்து அதற்கும் அதே அளவு விட்டால் 5 லட்சம் லிட்டர்! அதனால்தான் இந்த மைதானங்களில் ஃபேர்வே மழையை நம்பியே கிடக்கும். கோடையில் பழுப்பாகப் பார்க்கச் சகிக்காது. ஆனால் காய்ந்த தரையில் பந்து கூடுதலாக உருளும் என்பதால் ஆடுகிறவர்கள் குறை சொல்வதில்லை.

வெட்டும் உயரமும் அப்படித்தான். பெரிய போட்டி மைதானங்களில் கிரீன் புல்லைச் சுமார் 3 மில்லிமீட்டருக்கு வெட்டுவார்கள். சின்ன கிளப் 5 வைத்தால் போதும். தாழ வெட்ட வெட்ட வேர் ஆழம் போகாது. அப்புறம் தண்ணீர், பூஞ்சை மருந்து, உரம் என்று செலவு தொடரும். புல் வெட்டும் இயந்திரம் பெரும்பாலும் பெரிய கிளப்புகள் கழித்துவிட்டதுதான். வாங்கும்போது ஹைட்ராலிக் குழாய்களைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. சூடான எண்ணெய் ஒரு தடவை ஒழுகினால் கிரீனின் குறுக்கே புல் கருகி, பல வாரங்களுக்கு ஒரு கோடு தெரியும். உருளைக் கத்தி கீழே இருக்கும் அடிக்கத்தியோடு சரியாகப் பொருந்துகிறதா என்பதற்குக் காகிதச் சோதனை போதும்: உருளையைக் கையால் சுற்றினால் துண்டுக் காகிதம் முழு நீளத்துக்கும் சுத்தமாக வெட்டுப்பட வேண்டும். கசங்கினால் புல்லும் கிழியும். மறுநாள் நுனி வெளுத்து நிற்கும்.

தண்ணீரே இல்லாத இடங்களில் மணல் கிரீன். இதை ஏழ்மையின் அடையாளமாகப் பார்க்கத் தேவையில்லை. அமெரிக்காவில் வட கரோலினாவின் புகழ்பெற்ற பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்திலேயே 1930களின் நடுப்பகுதி வரை இதுதான். மணலில் எண்ணெய் கலந்து பரப்புவார்கள். காற்றில் பறக்காமல், மழையில் கரைந்து ஓடாமல் எண்ணெய் பிடித்துவைக்கும். பந்து கிரீனில் வந்து நின்றதும் இடத்தைக் குறித்துவிட்டுப் பந்தை எடுத்து, இழுபலகையால் குழிவரை ஒரு பாதையைச் சமன் செய்து, அதன்மேல் தட்டிவிட வேண்டும். ஆடி முடித்தவர் மணலைக் கீறிவிட்டுப் போவார். கீறல் இல்லாவிட்டால் அடுத்தவரின் பந்து விழுந்த வேகத்தில் வழுக்கி ஓடிவிடும். பழைய இன்ஜின் எண்ணெயை ஊற்றிய காலம் ஒன்று உண்டு. அது மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுக்கும், இன்று செய்யவே கூடாது.

ஃபேர்வே புல்லை ஆடுகளிடம் விடுவது இன்னொரு வழி. ஸ்காட்லாந்தின் வடக்கே ப்ரோரா மைதானத்தில் ஆடுமாடுகள் மேய்ந்து வந்திருக்கின்றன. கிரீன்களைச் சுற்றித் தாழ்வான மின்கம்பி வேலி. சாணத்தில் பந்து விழுந்தால் அபராதம் இல்லாமல் எடுத்துவைத்து ஆடலாம். கம்பியை உயர்ந்த புல் தொட்டால் மின்சாரம் தரைக்குள் இறங்கிவிடும். ஆடு அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். எனவே வேலிக்குக் கீழே ஒரு முழம் அகலத்துக்குப் புல்லை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

வரவுப் பக்கம் சுருக்கமாக. ஆளில்லாத நாட்களுக்கு, ஆட வருகிறவர்களே கட்டணத்தைப் போட்டுவிட்டுப் போகும் நம்பிக்கைப் பெட்டி: கான்கிரீட்டில் பதித்த இரும்புப் பெட்டி, எண் போட்ட உறைகள், கிழித்துப் பையில் கட்டிக்கொள்ள ஒரு துண்டுச்சீட்டு. அந்தச் சீட்டுதான் முக்கியம், பணம் போடாதவர் யார் என்பது தூரத்திலிருந்தே தெரியும். பெட்டியை அன்றன்றைக்கே காலி செய்துவிட வேண்டும். ஆஸ்திரேலியக் கோதுமை வட்டாரங்களில், விவசாயிகளான உறுப்பினர்கள் ஒரு நிலத்தில் தங்கள் டிராக்டரையே கொண்டு விதைத்து, விளைந்ததை விற்ற பணத்தைக் கிளப்புக்குக் கொடுக்கிறார்கள். சில ஊர்கள் வறட்சியையே விளம்பரமாக்கிக்கொண்டன. அதே ஆஸ்திரேலியாவில், ஒபல் ரத்தினக்கல் சுரங்க ஊரான கூபர் பீடியின் மைதானத்தில் புல்லே கிடையாது. ஒரு துண்டு செயற்கைப் புல்லைக் கையோடு எடுத்துப்போய், அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். 2009-இல் அங்கே திறந்த நல்லார்பார் லிங்க்ஸ் என்ற மைதானம், கல்கூர்லியிலிருந்து செடூனா வரை 1,365 கிலோமீட்டரில் 18 குழிகள்! பயணிகளை வழியோர ஊர்களில் இறங்கவைப்பதற்காகவே அமைத்தது.

இத்தனைக்கும் பிறகு கிளப் மூடப்படுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, கடன் வாங்கிப் பெரிய கட்டடம் கட்டுவது. மற்றது, இருபது வருடம் சம்பளமில்லாமல் புல் வெட்டியவர் ஊரைவிட்டுப் போவது. அவரோடு வால்வு எங்கே புதைந்திருக்கிறது, எந்த பேரிங் எந்த அளவு என்பதெல்லாம் போய்விடும். கொட்டகைச் சுவரில் குழாய் வரைபடம் ஒன்று, கிரீஸ் அடித்த தேதி எழுத ஒரு நோட்டு, பம்ப் அறைச் சாவி இரண்டு பேரிடம்: அவர் இருக்கும்போதே இவற்றைச் செய்துவைக்க வேண்டும்.