‘அழகிகள்’ கைது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் ரெய்டு நடந்தது. மூன்று பெண்களைப் பிடித்தார்கள். மறுநாள் பேப்பரில் மூவரும் துப்பட்டாவாலும் முந்தானையாலும் முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் படம் வந்தது. கூடப் பிடிபட்ட நான்கு ஆண்களை ‘எச்சரித்து அனுப்பினர்’ என்று கடைசி வரியில் இருந்தது. இது என்ன நியாயம்? ஒன்று, இதை முழுக்கக் குற்றமாக்க வேண்டும். இல்லை, லைசன்ஸ் கொடுத்து ஒழுங்குபடுத்த வேண்டும். இப்படி நடுவில் நிற்கிற சட்டத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. என் யோசனை, போகிற ஆண்களின் படத்தைப் பெயர், வேலை, விலாசத்தோடு அதே பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் வைக்க வேண்டும். ஒரே மாதத்தில் கடை காலியாகும். பெண்கள் பக்கம் நின்று எழுதுகிற தாங்கள் இதை ஆதரிப்பீர்கள் என்று நம்புகிறேன். பேப்பரில் வந்த படத்தை இணைத்திருக்கிறேன். கடிதத்தோடு போடலாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரிப் படங்களுக்குத் தலைப்பு எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். தொண்ணூறுகளில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். இரவு ஒன்பதரைக்கு மேல் வெளியூர் நிருபர்களின் செய்திகள் ஃபேக்ஸில் வரும். ‘3 பெண்கள் கைது’ என்று நிருபர் எழுதியிருப்பார். எங்கள் தலைமை உதவி ஆசிரியர் ‘பெண்கள்’ என்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு ‘அழகிகள்’ என்று போடுவார். அதில் ஒருவருக்கு வயது 47 சார் என்று ஒருமுறை சொன்னேன். “அழகின்னு போட்டாத்தான்யா டீக்கடையில நிக்கிறவன் பேப்பரைத் திருப்புவான்” என்றார். நானும் அதன்பிறகு அவர் திருத்தும் வரை காத்திருக்கவில்லை, நானே போட்டுவிடுவேன். உலக அழகிப் போட்டியை விட்டால், அழகி என்ற சொல்லுக்குத் தமிழ்ப் பத்திரிகையில் இருந்த வேலை இது ஒன்றுதான்.

சட்டம் நடுவில் நிற்கிறது என்கிறீர்கள். சுற்றி நிற்கிறது என்று சொல்வேன். விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்று நாம் சொல்கிற 1956ஆம் வருடச் சட்டத்தில், வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தோடு, தனியாக, தன் அறையில் பணம் வாங்கிக்கொண்டு ஒருவருடன் இருப்பது குற்றம் என்று எங்கும் இல்லை. ஆனால் அப்படி இரண்டு பேர் சேர்ந்து ஒரு வீடு பிடித்து வாடகையைப் பகிர்ந்துகொண்டால் அது விபச்சார விடுதி ஆகிவிடும். அவள் சம்பாத்தியத்தில், தெரிந்தே, வாழ்கிற 18 வயது தாண்டிய எவரும் 4ஆம் பிரிவின்படி குற்றவாளி. இரண்டு வருடம் வரை சிறை. அவள் ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்கிற மகனும் அதற்குள் வருவான். வழிபாட்டுத் தலம், பள்ளிக்கூடம், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி இவற்றுக்கு 200 மீட்டருக்குள் நடந்தால் 7ஆம் பிரிவு. 200 மீட்டருக்குள் ஒரு பிள்ளையார்கூட இல்லாத தெரு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? பொது இடத்தில் கூப்பிடுவது 8ஆம் பிரிவு. பெண் கூப்பிட்டால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை. அதே குற்றத்தை ஆண் செய்தால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதம். இந்தக் கணக்கை எந்த நினைப்பில் எழுதினார்களோ தெரியவில்லை.

அந்த நான்கு பேர் எச்சரிக்கையோடு தப்பியதற்குக் காவல்துறை மட்டும் காரணம் இல்லை. 7ஆம் பிரிவு, கூட இருந்தவனையும் சேர்த்தே சொல்கிறது. அதை விட்டால் ‘வாடிக்கையாளர்’ என்று பெயர் சொல்லி ஒரு குற்றம் இந்தச் சட்டத்தில் கிடையாது. ரெய்டின்போது அங்கே இருந்தார் என்பதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் ஒரு வழக்கை ரத்து செய்தது. கேரள உயர் நீதிமன்றமோ 2025இல், காசு கொடுக்கிறவனும் அந்தப் பெண்ணை அதில் தள்ளுகிறவன்தான், அவன் மீது 5ஆம் பிரிவில் வழக்கு நடத்தலாம் என்றது. வாளையாறு தாண்டினால் சட்டம் வேறு.

இதில் கடைசியாகத் தண்டனை பெறுவது யார்? நாங்கள் போட்ட கைதுச் செய்திகளில் எத்தனை வழக்கு நின்றது, எத்தனை விழுந்தது என்று ஆறு வருடத்தில் ஒரு நாளும் விசாரித்ததில்லை. விடுதலையானால் அது செய்தி இல்லை. தண்டனையைத்தான் படம் வந்த காலையிலேயே கொடுத்து முடித்துவிட்டோமே.

இதை உச்ச நீதிமன்றமும் கவனித்திருக்கிறது. 1999இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி கொலை செய்யப்பட்டார். கொன்றவரின் மேல்முறையீட்டை 2011இல் தள்ளுபடி செய்த நீதிமன்றம், அந்த வழக்கையே பொதுநல வழக்காக மாற்றி ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் பரிந்துரைகளை வைத்து 19-5-2022 அன்று நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு ஓர் உத்தரவு போட்டது. ‘விபச்சாரம் இனி சட்டப்படி தொழில்’ என்று அன்று பலரும் தலைப்புப் போட்டார்கள் (பழக்கதோஷம்). பரிந்துரைகளில் சிலவற்றை மத்திய அரசு ஏற்கவில்லை என்பதை உள்ளே போய்ப் படித்தவர்கள் குறைவு. அரசும் ஏற்றுக்கொண்டவற்றில் ஒன்று இது: கைதோ, ரெய்டோ, மீட்போ, அந்தப் பெண் பாதிக்கப்பட்டவரோ, குற்றம் சாட்டப்பட்டவரோ, எதுவானாலும் அவர் யாரென்று தெரியும்படி படமோ தகவலோ வெளியிடக் கூடாது. மீட்புக் காட்சி என்ற பெயரில் வாடிக்கையாளரோடு சேர்த்துக் காட்டினால் இந்தியத் தண்டனைச் சட்டம் 354-சி பிரிவைப் பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னார்கள். மறைந்திருந்து பார்ப்பவனுக்காக எழுதப்பட்ட பிரிவு அது.

இனி உங்கள் பிளக்ஸ். கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதை மேல் ஏற்றுவது நமக்குத் தெரியாத வித்தையா? சீனாவில் ஷென்ஜென் நகரப் போலீஸ் 2006 நவம்பரில் பெண்களோடு வாடிக்கையாளர்களுக்கும் மஞ்சள் சட்டை மாட்டித் தெருவில் நடத்திக் கூட்டிப் போனது. பெயரையும் பிறந்த தேதியையும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அந்த நாட்டிலேயே எதிர்ப்பு கிளம்பி, 2010இல் இப்படி ஊர்வலம் விடக் கூடாது என்று அமைச்சகம் உத்தரவு போட வேண்டி வந்தது. 2013 ஜூனில் நியூயார்க்கை ஒட்டிய நாசோ கவுண்டியில் அரசு வழக்கறிஞரே நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களின் படங்களைப் பெயரோடு வெளியிட்டார். அப்போது அவர்கள் மீது தீர்ப்பு எதுவும் வந்திருக்கவில்லை. இரண்டு ஊரிலும் கடை காலியானதாக நான் எங்கும் படித்ததில்லை.

பிளக்ஸில் இருக்கிறவனின் மகள் பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸும் அதே ஸ்டாண்டில்தான் நிற்கும். அதைக்கூட விடுங்கள், நீங்கள் யாருக்காகக் கோபப்படுகிறீர்களோ அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும்? ஆள் பயந்தால் லாட்ஜுக்கு வர மாட்டான், அவள்தான் அவன் சொல்கிற இருட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே ஆணுறை பற்றிப் பேச அவளுக்கு நேரம் இருக்காது. கத்தினால் பக்கத்து அறையில் ஆளும் இருக்காது.

எனக்கு இது புரிந்தது தீர்ப்புகளைப் படித்து இல்லை. ஒரு மதியம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தார். ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவருக்குள் எங்கள் பேப்பர் கட்டிங்கும் கோர்ட்டு நகலும் வைத்திருந்தார். சமையல் வேலைக்குப் போன வீட்டில் ரெய்டு, இவரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள். ஒன்றரை வருடம் கழித்து வழக்கிலிருந்து விடுதலை. “மறுப்பு போடுவீங்களா சார்?” என்றார். பெயரும் போடவில்லை, முகமும் தெரியவில்லையே அம்மா என்றேன். அவர் கட்டிங்கை மேசையில் விரித்து, தன் உருவத்தின் மேல் விரலை வைத்தார். “கரையைப் பாருங்க சார். எம் பொண்ணு சீட்டுப் பணத்துல எடுத்துக் குடுத்த புடவை. பார்த்ததுமே அவளுக்குத் தெரிஞ்சிருச்சு.” உள்ளே போய்க் கேட்டேன். “பேரே போடலையே, எதைய்யா மறுக்கிறது?” என்று பதில் வந்தது. தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. வெளியே வந்து நானும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னேன். கட்டிங்கை அதே மடிப்பில் மடித்துக் கவருக்குள் வைத்துக்கொண்டு போனார். அதை ஏன் கிழித்துப் போடாமல் பத்திரமாக வைத்திருந்தார் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

லைசன்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெள்ளைக்காரன் அதைச் செய்து பார்த்தான். 1868ஆம் வருடத் தொற்றுநோய்ச் சட்டப்படி பெண்களைப் பதிவு செய்து, கட்டாயப்படுத்திச் சோதனை நடத்தி, நோய் என்றால் தனி ஆஸ்பத்திரியில் பூட்டி வைத்தார்கள். 1888இல் கைவிட்டார்கள். லைசன்ஸ் என்றால் ஒரு பதிவேடு, பதிவேடு என்றால் இன்னொரு பெயர்ப்பட்டியல். நியூசிலாந்து 2003இல் வேறு வழியில் போனது. 60க்கு 59, ஒரே ஒரு ஓட்டில் நிறைவேறிய சட்டம். நான்கு பெண்கள் வரை சேர்ந்து ஒரு வீட்டில், தங்களுக்கு மேல் முதலாளி இல்லாமல், லைசன்ஸே இல்லாமல் தொழில் செய்யலாம். இங்கே இரண்டு பேர் என்றாலே குற்றம். என் சாய்வு அந்தப் பக்கம்தான். ஆனால் சென்னை அளவுகூட ஜனம் இல்லாத நாட்டின் சட்டத்தை, கடத்திக்கொண்டு வரப்பட்ட சிறுமிகளும் சிக்கியிருக்கிற கொல்கத்தாவின் சோனாகாச்சிக்கும் மும்பையின் காமாட்டிபுராவுக்கும் அப்படியே கொண்டுவந்து மாட்ட முடியாது. கடத்துகிறவனிடமும், சிறுமி என்று தெரிந்து போகிறவனிடமும் எனக்குத் துளி இரக்கம் கிடையாது. அவனை நீதிமன்றத்தில் நிறுத்தி, நிரூபித்து, உள்ளே போடுங்கள்.

நீங்கள் இணைத்திருந்த படத்தைப் போடவில்லை. முகம் தெரியவில்லைதான். இரண்டாவதாக நிற்கிறவரின் புடவைக் கரை நன்றாகத் தெரிகிறது.